ஒன்பது கிலோ கல்

தலைச்சோலை எஸ்டேட்டில் தன்னை ஏமாற்றியவர் யாருமே இல்லை என்று தராசு சின்னத்தம்பி சொல்லிக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, அது உண்மையும்தான். காபிப் பழ மூட்டையை ஒரு எக்கு எக்கித் தூக்கிவிட்டு நாற்பத்தொன்றரை என்பார். மேடைத் தராசில் ஏற்றினால் நாற்பத்தொன்றரைதான் நிற்கும். எடை கூட்டுவதற்காக மூட்டைக்குள் கல்லைப் போட்டுக் கொண்டுவரும் கெட்டிக்காரிகளும் உண்டு. மூட்டையை இறக்கிவைக்கும் சத்தத்திலேயே பிடித்துவிடுவார். கல்யாணமான முதல் வருஷம் பெண்டாட்டி அம்மணியின் மூட்டையில் ஈர இலை கிடக்கிறதென்று அத்தனை பேர் முன்னாலும் அரைக் கிலோ கழித்த மனுஷர் அவர். அன்றைக்கு அவர் தட்டில் வெறும் சோறும் ரசமும்தான் விழுந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கு அதே அம்மணி நாலு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்துப்போனது தெரியவில்லை. ரவிக்கையை அவள் இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டாள். அவருடைய பழைய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மலைமேல் ஸ்வெட்டர் போட்டவளை ஏன் என்று யார் கேட்கப்போகிறார்கள்? கூட வேலைசெய்யும் பெண்கள் கேட்டதற்குப் பல்வலி, சாப்பிட முடியவில்லை என்று சொல்லி வைத்தாள்.

சித்திரையில் தம்பி பெண்டாட்டியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கண் காட்டப் போவதாகச் சொல்லிச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். அங்கே எடை பார்த்தார்கள், நாற்பத்தைந்து. பிறகு ஏதேதோ படம் எடுத்தார்கள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார் டாக்டர். மருந்து தரலாம், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். எத்தனை நாள் எழுந்து நடமாடுவேன் என்று இவள் நேராகவே கேட்டாள். இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இழுத்தவர், அடுத்த முறை புருஷனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினாள். குப்பனூர் தாண்டி மலை ஏறும்போதெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று கோத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"ஏனுங்க, நாம ஒரு படகு வாங்கலாமுங்களா?"

அம்மணி காவிரிக்கரைக்காரி. பூலாம்பட்டியில் பிறந்து, மண்புழுவும் தூண்டிலுமாக வளர்ந்தவள். தண்ணீரில் நிற்கும் தக்கையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். வாழ்க்கைப்பட்டது மலைமேல். வருஷத்துக்கு நாலைந்து தடவை தாய்வீடு போகும்போது மட்டும் நால்வரும் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். அதுவும் என்ன லட்சணம்? நீச்சல் தெரியாத சின்னத்தம்பி பத்தடி தள்ளி மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். ஜீப் ஓட்டும் மகன் கார்த்திக்கு மஞ்சக்குட்டையிலிருந்து சவாரி கேட்டுப் போன் வந்துகொண்டே இருக்கும், அவன் எழுந்து எழுந்து போவான். காலேஜில் படிக்கும் மகள் வனிதாவுக்குப் பரீட்சைக் கவலை. நாலு பேரும் ஒரு படகில், சுற்றிலும் தண்ணீர், யாரும் எழுந்து போக முடியாத ஒரு பகல். அது ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடுவாள். அதற்குமேல் அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வாய்விட்டு எதையும் கேட்காதவள் கேட்டதால் அவரும் மறுக்கவில்லை. எப்படிப்பட்ட படகு என்று அவளே சொன்னாள். பரிசல் ஆகாது, அது சுற்றும். கூர் அடிப் படகு ஆகாது, ஒருவர் அசைந்தாலும் ஆடும், தக்கையும் நிற்காது, மீனும் நிற்காது. அடி தட்டையாக இருக்கவேண்டும், மணை போட்டு உட்கார்ந்ததுபோல. பூலாம்பட்டியில் ஃபைபர் படகு செய்யும் குழந்தைவேல் அவளுக்குத் தெரிந்த பையன். நாலு பேர் எடையையும் சாமான் எடையையும் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னான்.

அங்கேதான் வினை வந்தது. எனக்கு எப்போதும் ஐம்பத்துநாலுதான், அதையே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். நிறுக்காத எடையை எழுதி அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும், மிளகு நிறுக்கும் சின்னத் தராசில் ஒன்பது கிலோ கல்லை நிறுத்தெடுத்தாள். பழம் பறிக்கும்போது இடுப்பில் கட்டும் பைக்குள், கல்லோடு கல் உரசாமல் நடுநடுவே பழந்துணியை வைத்துத் திணித்தாள். சேலைக்குள் கட்டிக்கொண்டு மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டாள். மூட்டையில் ஒரு நாளும் கல் போடாதவள் ஐம்பத்தோரு வயசில் இந்த வேலை செய்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. மேடைத் தராசு இருக்கும் குடோன் வரைக்கும் நடப்பதற்குள் மூச்சு வாங்கியது.

சின்னத்தம்பி அறுபத்தெட்டு. கார்த்தி அறுபத்துமூன்று. வனிதா நாற்பத்தொன்பது. அம்மணி ஏறி நின்றாள். அவர் தராசுத் தண்டில் குண்டைத் தள்ளித் தள்ளி நிறுத்தினார்.

ஐம்பத்திரண்டு. போன வருஷத்துக்கு இரண்டு குறைந்திருக்கிறதே, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அம்மணி தராசைவிட்டு இறங்காமல் நின்றாள். ஐம்பத்திரண்டில் ஒன்பது போனால் நாற்பத்துமூன்று. ஆஸ்பத்திரியில் நாற்பத்தைந்து இருந்தது. நடுவில் மூன்று வாரம்தான். வனிதா கைகொடுத்து இறக்கிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கார்த்தியின் ஜீப்பில் நால்வரும் பூலாம்பட்டி போனார்கள். குழந்தைவேலின் கொட்டகையில் பச்சை வர்ணத்தில் ஒரு பத்தடிப் படகு தயாராக இருந்தது. முழங்கால் தண்ணீரில் அதைத் தள்ளிவிட்டு, கார்த்தி ஒரு ஓரத்தில் ஏறி நின்று குதித்துக்கூடப் பார்த்தான். நாலு விரல்கடை சாய்ந்தது, அவ்வளவுதான். சின்னத்தம்பி அடிப்பாகம் முழுக்கத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். அம்மணி பின்மூலையில், இடதுபக்கப் பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள். அவள் இடம் அதுதான் என்று முடிவாகிவிட்டது. இன்றைக்கே ஏறிவிடலாம் என்று தூண்டில்களைக்கூட எடுத்து வந்திருந்தாள்.

குழந்தைவேல் எடைச் சீட்டை வாங்கிக் கூட்டினான்.

"நங்கூரம், துடுப்பு, சாமானெல்லாம் சேத்தி எரநூத்தி அம்பத்தேழு வருதுங்க மாமா. இது எரநூத்தி அம்பது தாங்கும். ஏழு கிலோதானுங்க, பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்கிற ஆளா அவர்? எடை என்றால் எடைதான், பிள்ளைகள் ஏறுகிற படகில் கால் கிலோகூட மீறக்கூடாது என்று சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பன்னிரண்டடிப் படகு ஒன்று செய்து தரலாம், ஆனால் கையில் வேலை கிடக்கிறது, ஆடி கழிந்துதான் தொடவே முடியும் என்றான் குழந்தைவேல். தீபாவளிக்கு முன்னால் கிடைக்கும். நங்கூரத்தை விட்டுவிடலாமே என்றாள் அம்மணி. நங்கூரம் இல்லாவிட்டால் தக்கை நிற்காது என்று நீதானே சொன்னாய் என்றார் அவர். நான் கரையில் இருந்துகொள்கிறேன் என்று வனிதா சொன்னதும், வேண்டாம் என்று அம்மணி போட்ட அதட்டலில் பெண் திகைத்துப்போனாள்.

சின்னத்தம்பி சிரித்துக்கொண்டு சொன்னார். "இத்தன வருசம் பொறுத்தவ, தீவாளி வரைக்கும் பொறுக்க மாட்டியா அம்மணி?"

அவள் படகைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? மறைத்ததுதான் குறுக்கே வந்து நிற்கிறது.

"ஏனுங்க, என்ற எடையில ஒம்பது கிலோ கழிச்சுக்கங்க."

"எதுக்கு?"

"அது கல்லுங்க. மடியில கட்டியிருந்தனுங்க."

அவர் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. வைகாசி வெயிலில் கொட்டகைத் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் பெண்டாட்டி ஸ்வெட்டரோடு நிற்பதை அப்போதுதான் பார்த்தார். பக்கத்தில் வந்தார். பிள்ளைகள் முன்னால், அந்நியன் முன்னால் என்று பார்க்காமல், இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்து மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கினார். அவள் கால் தரையைவிட்டு எழும்பியது. எந்த மூட்டையையும் அவர் அத்தனை நேரம் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

இறக்கிவிட்ட பிறகும் எடையைச் சொல்லவில்லை. பேனாவை எடுத்து ஐம்பத்திரண்டை அடித்து நாற்பத்துமூன்று என்று எழுதினார். மூன்று கோணலாக விழுந்தது.

ஆஸ்பத்திரியை, கட்டியை, டாக்டர் சொன்ன கெடுவை அவள் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். வனிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கார்த்தி அடித்த போனை எடுக்காமல் அணைத்தான்.

"முன்னாலயே சொல்லியிருந்தா நீங்க படகு வாங்க வந்திருக்க மாட்டீங்க" என்றாள் அம்மணி.

"ஆமா" என்றார் அவர். "தூக்கிப் பாக்காம உட்டுட்டனே அம்மணி. ஊரு மூட்டையெல்லாம் தூக்கிப் பாத்தனே." பிறகு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு குழந்தைவேலிடம் திரும்பினார். "எரநூத்தி நாப்பத்தெட்டு. எடை சரியா இருக்குது சாமி. இதயே குடு. இப்பவே ஏறோணும்."

கார்த்தி ஏறினான், படகு தண்ணீரில் இறங்கிக் கொடுத்தது. வனிதா ஏறினாள், இன்னும் கொஞ்சம் இறங்கியது. தண்ணீரென்றால் பத்தடி தள்ளி உட்காருகிற சின்னத்தம்பி முழங்கால் ஆழத்தில் நின்று படகைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடதுபக்கம் பின்மூலைக்கு அம்மணியைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்தார். உட்கார்ந்தவள் தூண்டிலுக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. படகின் விளிம்பில் தண்ணீர் தொட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் குனிந்து பார்த்தாள்.

அவள் ஏறின பிறகும் இருவர் கண்ணுக்கும் தண்ணீர் அதே இடத்தில்தான் நின்றது.