மாதா ஏறிய ஜீப்

வண்டி ஓட்டத் தெரியாதவள் என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு வருடமாகக் கம்பம்மெட்டு ஸ்டாண்டிலிருந்து ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற பிலோமியைத்தான் அப்படிச் சொன்னார்கள். சொன்னது வேறு யாருமில்லை, ஸ்டாண்டின் ஜீப் டிரைவர் சங்கத்துக்குச் செக்ரட்டரியாக இருக்கும் சுவக்கீன்.

திங்கட்கிழமை காலைப் பனியில் அவள் ஜீப்பைப் பின்னால் எடுத்தபோது, ஏலக்காய் பறிக்கப் போகிற செபமாலையம்மாளின் கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. கணுக்கால் முறிந்து அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் வெள்ளை விளக்கு எரியும், பீப் பீப் என்று சத்தமும் வரும். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் விலகுவார்கள். அன்று விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. என்னவோ குறைகிறதே என்று பிலோமிக்கு உறைப்பதற்குள் அலறல் கேட்டுவிட்டது.

"லைட்டு எரியுதா இல்லையான்னு பாக்கத் தெரியாதவளுக்கு வண்டி எதுக்கு?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார் சுவக்கீன். "புதன்கிழமை கூட்டம். இனிமே இந்த ஸ்டாண்டுல உனக்கு எடம் கெடையாது."

செபமாலையம்மாளை நினைத்தால் அழுகை வந்தது. சுவக்கீனை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வரை எரிந்த விளக்கு ஐயா!

புதன்கிழமை கூட்டத்துக்கு எல்லோரும் கூடுகிற நேரத்தில், ஸ்டாண்டின் நடுவிலேயே சாக்கை விரித்தாள். முதலில் பின்விளக்கு இரண்டையும் திறந்து பல்பைக் கழற்றி, பேட்டரியில் வயர் வைத்துப் பார்த்தாள். இரண்டுமே எரிந்தன; திரும்ப மாட்டினாள். ஃபியூஸும் நன்றாகவே இருந்தது. கியர்பாக்ஸில் இருக்கிற ரிவர்ஸ் சுவிட்சின் இரண்டு வயரையும் பிடுங்கி, நேராக ஒன்றோடொன்று சேர்த்தாள். அப்போதும் எரியவில்லை. அப்படியானால் சுவிட்சைக் குறை சொல்ல முடியாது. அங்கிருந்து விளக்குக்குப் போகிற வழியில்தான் கோளாறு.

"கியர்பாக்ஸயே பிரிச்சுப் போட்ருவா போல" என்றார் சுவக்கீன். நாலு பேர் சிரித்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும் என்று அவள் வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

வயரைத் தடவிக்கொண்டே போன கை, பின்கதவுக்குக் கீழே நின்றது. வயர் அறுபட்டிருந்தது. தானாக அறுந்ததல்ல, யாரோ வெட்டியது. வெட்டிய முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி நீலப் பட்டு ரிப்பன் சுற்றியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா பெருநாள். மாதா சிலையை, அந்தச் சுரூபத்தை, ஏற்ற அவளுடைய ஜீப்பைத்தான் கேட்டார்கள். ஆனால் பொம்பளை ஓட்டினால் மரியாதையாக இருக்காதாம். ஸ்டியரிங்கைச் சுவக்கீன் பிடித்தார். பவனியில் ஜீப்பின் பின்பக்கம் நிற்கிற மாதா, பின்தொடர்ந்து வருகிற சனத்தைப் பார்த்திருப்பாள். கோயிலுக்குள் நுழையும்போது மாதாவின் முகம் கோயிலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதனால் வாசலில் ஜீப்பைத் திருப்பி, ரிவர்ஸிலேயே கொண்டுபோவார்கள். மன்றாட்டுக்கு நடுவே பீப் பீப் என்று கேட்டது பிலோமிக்கும் ஞாபகம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. கூட்டத்தின் கடைசியில் நின்றவள், கையால் தள்ளிக்கொண்டு போகிறார்களாக்கும் என்று நினைத்திருந்தாள்.

ரிப்பனை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். "இது யாரு கட்டுனது?"

டிரைவர் யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஜோடனையிலருந்து நாந்தேன் எடுத்துக் குடுத்தேன்க்கா. வெட்டுனது செக்ரட்டரி."

"செபம் நடக்கையில அது கத்திக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் சுவக்கீன். "மாதாவுக்காகச் செஞ்சது. பெறகு ஒட்டிரலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்."

"மறந்தீக, சரி. திங்கக்கெழம அத்தன பேர் முன்னாடி என்னைய வஞ்சீகளே, அப்பவும் மறந்தா இருந்தீக?"

அவர் ரிப்பனைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. தெரிந்தேதான் பேசியிருக்கிறார்.

வயரை முறுக்கிச் சேர்த்து, மேலே டேப் சுற்றினாள். சுவிட்சில் வயரை மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"ஏறுங்கண்ணே. கூட்டத்த ஆஸ்பத்திரியில வச்சுக்கலாம். கால ஒடிச்சது யாருன்னு செபமாலக்காட்ட நீங்களே சொல்லுங்க."

சுவக்கீன் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் பேசவில்லை. ஏறிக்கொண்டார்.

பிலோமி ரிவர்ஸ் கியர் போட்டாள். விளக்கு எரிந்தது. பீப் பீப் என்று ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. அன்று அதை நிறுத்தச் சொல்ல யாருமில்லை.