தராசில் நின்ற வண்டு

ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான நீளமுள்ள அந்த வண்டு முதல் மேசையை உடைத்தபோது அது செத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தேக்கு மேசை. அருங்காட்சியகத்தின் மூன்றாவது மாடியில், காலை பத்தேகால் மணிக்கு, நடுவில் பிளந்து இரண்டாக விழுந்தது. மேசைமேல் இருந்தவை ஒரு பூதக்கண்ணாடி, ஆறிப்போன டீ, ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் குண்டூசியில் ஏற்றிய அந்த வண்டு. தச்சர் வந்து பார்த்துவிட்டுக் கரையான் என்றார். கரையான் எங்கே என்று கேட்டதற்கு, வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும் என்றார். அவ்வளவு ஒழுங்காக வேலையை முடிக்கும் ஜீவன் எதையும் அந்தக் கட்டிடத்தில் யாரும் பார்த்ததில்லை என்றாலும், கோப்பில் கரையான் என்றே எழுதி மூடினார்கள். அடுத்து வந்த இரும்பு மேசையில் நான்கே மாதத்தில் ஒரு குழி விழுந்தது. இரும்பைக் கரையான் தின்னாது என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கோப்பைத் திறக்க ஒருவருக்கும் தெம்பில்லை.

மேசைக்கு உரியவரை எல்லோரும் வண்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். காட்டுத் தரையில், அழுகும் இலைச்சருகுக்கு நடுவே வாழும் பொடி வண்டுகளைப் பார்த்து, இது இன்னது என்று சொல்வது அவருடைய உத்தியோகம். இதுவரை யாரும் எழுதாத இனம் என்றால், தலை முதல் வால்வரை விவரித்து, பெயர் வைத்து, அச்சில் கொண்டுவர வேண்டும். அதுவரைக்கும் அந்த வண்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். இந்த வண்டு அவருக்குக் கல்யாணமான வருஷம் மனைவியோடு போன ஒரு காட்டில் கிடைத்தது. முதல் நாளே கால் பிசகியும் வெறுங்கையோடு திரும்பாத பயணம் என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஊருக்கு வந்ததும், முக்கோணமாக வெட்டிய சிறு அட்டையின் நுனியில் வண்டைப் பசைவைத்து ஒட்டி, அட்டையை ஊசியில் ஏற்றி, கீழே லேபிளைக் குத்தி, பார்த்த மாத்திரத்தில் புது இனம் என்று தெரிந்துகொண்டு, ‘பிறகு’ என்று எழுதிய பெட்டியில் வைத்தார். பிறகு ஆண்டறிக்கை வந்தது. பிறகு கண்காட்சி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நான்கு கமிட்டிகள், கூரை ஒழுகல், ஒழுகலை ஆராய ஐந்தாவதாக ஒரு கமிட்டி. வண்டு பெட்டிக்குள் காத்திருந்தது. காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அதன் எடை கூடியது.

பதினைந்தாவது வருஷம் அது மூன்றாவது மாடித் தளத்தில் தேங்காய் அளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு இரண்டாவது மாடி நூலகத்தில் இறங்கியது. ஊசி வளையவில்லை, அட்டை கிழியவில்லை, மீசையில் ஒரு மயிர்கூட உதிரவில்லை. எடை முழுவதும் கீழே இருப்பவர்களுக்குத்தான். அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வர முடியாததால் வண்டுக்காரர் நுண்ணோக்கியையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு இறங்கினார். இருபதாவது வருஷம் அங்கிருந்து முதல் மாடிக்கு, டைரக்டர் அறையில் விருந்தாளிகள் உட்காரும் சோபாவின் மேல். நல்லவேளையாக அன்று விருந்தாளி இல்லை. டைரக்டர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். வண்டுக்காரரின் நாற்காலியும் அதே அறைக்கு இறங்கிவிட்டதால் இரண்டடி தள்ளித்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் கடிதம் தபால் பிரிவுக்குப் போய் முத்திரை வாங்கி ஒன்பது நாள் கழித்து வந்தது. பதிலும் அப்படியே போனது. இருபத்துநான்காவது வருஷம் சோபாவையும் தரையையும் தாண்டி, தரைத்தளத்தில் இருந்த ஸ்டோர் ரூமில், பழைய காகிதம் நிறுக்கும் பெரிய தராசின் நட்டநடுவில் வந்து நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. தராசின் முள் அன்றைக்கு முந்நூற்றுப் பத்து கிலோ காட்டியது.

ஸ்டோர்க்காரர் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். எதற்கும் ஆச்சரியப்படாதவர். முப்பது வருஷமாக மற்றவர்கள் தூக்கிப்போடும் பொருள்களை வாங்கி அடுக்கியவருக்கு ஆச்சரியத்துக்கு என்று மிச்சம் எதுவும் இருக்கவில்லை. தினமும் காலையில் விளக்கைப் போட்டதும் முள்ளைப் பார்த்துச் சுவரில் கரியால் எண்ணைக் குறித்துவைத்தார். ஐந்து வருஷத்தில் அது நானூற்றுப் பன்னிரண்டைத் தொட்டபோது, வண்டுக்காரர் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது.

ஓய்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு. தன் பெயரில் இருக்கும் பூச்சிகள் எல்லாவற்றையும் டைரக்டரிடம் ஒப்படைத்தால்தான் விடுவிப்பு உத்தரவு கிடைக்கும். ஆறாயிரத்து இருநூற்று நான்கில் ஆறாயிரத்து இருநூற்று மூன்றை ஒப்படைத்தாயிற்று. மிச்சமுள்ளதைக் கண்ணாடித் தட்டு போட்ட அலமாரியில் வைக்க வேண்டும். நானூறு கிலோ வண்டுக்குக் கையெழுத்துப் போட டைரக்டர் தயாராக இல்லை. வீட்டிலோ மனைவி பத்தொன்பது பெட்டிகளில் சாமான்களைக் கட்டி முடித்திருந்தாள். அவர்கள் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத வீட்டில், நாற்பத்தெட்டுப் படி ஏற வேண்டும். அவளுடைய இரண்டு முழங்காலும் முடியாது என்று சொல்லி வெகுநாளாகிவிட்டது. மகள் தன் ஊரில் படியே இல்லாத ஒரு வீட்டைப் பார்த்துவைத்திருந்தாள். உத்தரவு தள்ளிக்கொண்டே போனதால், தினமும் காலையில் கரண்டிக்காக ஏழாவது பெட்டியை அவிழ்ப்பதும் ராத்திரி திரும்பக் கட்டுவதுமாக அவளுக்குக் கை ஓய்ந்துபோனது.

வேறு வழியில்லாமல் வண்டுக்காரர் ஸ்டோர் ரூமில், தராசுக்குப் பக்கத்திலேயே விவரணையை எழுத உட்கார்ந்தார். ‘உடல் நீள்வட்டம், மேற்புறம் மெல்லக் குவிந்தது’ என்ற முதல் வரியை எழுதியதும் ஸ்டோர்க்காரர் தலையை நிமிர்த்தி, “சார், ஆறு கிலோ இறங்கிடுச்சு” என்றார். ‘நிறம் காய்ந்த ரத்தம் போன்ற செம்பழுப்பு’ என்றதும் இன்னும் பதினொன்று. ‘உணர்கொம்பில் பத்துக் கணுக்கள்’ என்று எழுதியபோது ஒன்பது கிலோ ஏறியது.

“சார், ஏறுது. இன்னொரு தடவை எண்ணிடுங்க.”

“நாலு தடவை எண்ணியாச்சுய்யா.”

“முள்ளு ஒத்துக்கலையே.”

ஐந்தாவது தடவை எண்ணியபோது பசைக்குள் புதைந்திருந்த ஒரு கணு கிடைத்தது. ஆகப் பதினொன்று. முள் சரசரவென்று இறங்கியது. வயிற்றுப் பக்கத்தைப் பார்க்க வண்டைத் திருப்ப வேண்டியிருந்ததால், லாரி டயர் மாற்றும் ஜாக்கியை வரவழைத்து, ஒரு முழு நாள் போராடி, ஒரு மில்லிமீட்டர் வண்டை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். இப்படி ஆறு மாதம். இறக்கை உறையின் குழிகள், காலின் முட்கள், ஆண் வண்டின் உறுப்பு என்று எதையும் விடவில்லை. கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து, முதுகுக்குப் பெல்ட். வெளிநாட்டு நிபுணர்கள் இருவர் வரைவைப் படித்துவிட்டுக் குறையில்லை என்று எழுதினார்கள். ஸ்டோர்க்காரர் மட்டும் திருப்தியடையவில்லை. முள் நாற்பத்தேழு கிலோவில் நின்றுவிட்டிருந்தது. வண்டுக்காரர் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். ஐந்து வாரம் அது இம்மி அசையவில்லை. நாற்பத்தேழு கிலோவுக்கும் கண்ணாடித் தட்டு தாங்காது.

ஓய்வு நாளுக்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று மனைவி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கே வந்துவிட்டாள்.

“இது ஆறாவது பெட்டியில இருந்த டப்பா. திரும்ப உள்ள போகணும், சீக்கிரம் சாப்பிடுங்க” என்றவள் தராசைப் பார்த்தாள். “இதுதானா அந்த மகாராசா? எள்ளுல பாதி இல்ல. இதுக்குப் பயந்தா நான் இன்னும் படி ஏறிக்கிட்டு இருக்கேன்?”

“அம்மா, சார் கண்ணுக்குத் தப்பு படமாட்டேங்குது” என்று ஸ்டோர்க்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “நீங்க ஒருவாட்டி கேளுங்க. நான் முள்ளைப் பாத்துக்கறேன்.”

“பூச்சியப் பத்தி எனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு மட்டும் தெரியுமா?”

வண்டுக்காரர் சாப்பிடாமலே படிக்க ஆரம்பித்தார். இருபத்திரண்டு பக்கம். நான்காம் பக்கத்தில் அவள் ஒரு முறை கண்ணயர்ந்தாள். கடைசிப் பக்கத்தில் கிடைத்த இடம், தேதி, சருகைச் சலித்து எடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை இனிஷியலோடு படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தார்.

“யாரு சலிச்சது?” என்றாள் அவள்.

அவர் பெயரைத் திரும்பப் படித்தார்.

“நீங்களா?”

“லேபிள்ல அப்படித்தான் இருக்கு.”

“லேபிளை எழுதினது யாரு?”

“யாரும் எழுதலை. அச்சடிச்சது. பயணம் போறதுக்கு முன்னாடியே பேரோட ஐநூறு அடிச்சு வெச்சுக்குவோம். இடமும் தேதியும் மட்டும் அப்புறம் கையால போடுறது.”

“சரி. முதல் நாளே பாறையில வழுக்கி, காலு பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடந்தது யாரு?”

“நான்தான்.”

“கட்டில்ல படுத்துக்கிட்டு ஜன்னல் வழியா, ‘சல்லடையைச் சாய்ச்சுப் பிடி, சாய்ச்சுப் பிடி’ன்னு மூணு நாளும் கத்தினது யாரு?”

“சார், முள்ளு நடுங்குது” என்றார் ஸ்டோர்க்காரர். “அம்மா, நீங்க நிறுத்தாம பேசுங்க.”

“பேச என்ன இருக்கு? மூணு நாள் சருகு சலிச்சேன், இடுப்பு விட்டுப்போச்சு. மூணாம் நாள் சாயந்திரம் வெள்ளைத் துணியில ஒரு புள்ளி. தூசின்னு நெனச்சேன். தூசி திரும்பி நடக்காதுல்ல? ஈரப் பிரஷ்ல ஒத்தி எடுத்து உங்ககிட்டக் குடுத்தேன். கண்ணாடியில பாத்துட்டு, ‘நமக்கு ஒண்ணு கெடைச்சிருக்கு’ன்னீங்க. நமக்குன்னு சொன்னீங்களேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.”

வண்டுக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்து லேபிளை இன்னொரு தடவை படித்தார். அவர் பொய் எழுதவில்லை. அந்தத் தொழிலில் ஞாபகம் தப்பலாம், லேபிள் தப்பாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அவரும் இருபத்தொன்பது வருஷமாக லேபிளைப் படித்துப் படித்து, அந்தச் சருகைத் தானே சலித்ததாக நம்பிப்போயிருந்தார். இடுப்பு வலித்ததுகூட நினைவிருந்தது.

“இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

“என்னன்னு சொல்றது? நீங்களும் அங்கதானே இருந்தீங்க.”

அவர் தன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். முள் இறங்கியது. நாற்பத்தேழு, முப்பது, பன்னிரண்டு, பூஜ்யம். ஸ்டோர்க்காரர் சுவரில் கடைசி எண்ணைக் குறித்துவிட்டுக் கரித்துண்டை ஜன்னல் வழியாக எறிந்தார். வண்டுக்காரர் ஊசியை இரண்டு விரலால் பிடித்து, பதினான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகத் தூக்கினார். பெரிய தராசுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கையில் கனத்தது. தபால் பிரிவில் கடிதம் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். இருநூறு கிராம்.

“இது எதுக்கு மிச்சம்?” என்றாள் மனைவி.

“பழைய லேபிளு. ஊசியில ஒருதடவை ஏறினதைக் கழட்டக் கூடாதுன்னு சட்டம். தப்பா இருந்தா சரியானதை அதுக்குக் கீழே குத்தலாம். தப்பு மேலேயேதான் இருக்கும்.”

“இருந்துட்டுப் போகட்டும். இருநூறு கிராம்தானே, கண்ணாடி தாங்கும்.”

வண்டுக்கு அவள் பெயரையே வைக்கலாம் என்று அவர் சொன்னபோது, மூணு மாடியை ஓட்டை போட்டதுக்கு என் பேரா என்று மறுத்துவிட்டாள். கடைசியில் லத்தீனில் ‘மூன்றாம் நாள்’ என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்து அச்சுக்கு அனுப்பினார்கள். டைரக்டர் மறுநாள் காலை கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் பத்தொன்பது பெட்டிகளும் நாற்பத்தெட்டுப் படி இறங்கின. கரண்டி ஏழாவது பெட்டியிலேயே இருந்தது. அவிழ்க்கவில்லை. படியில்லாத வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவள் பதினாறு மணி நேரம் தூங்கினாள் என்று மகள் ஸ்டோர்க்காரருக்கு எழுதியிருந்தாள்.

மாடிகளின் ஓட்டைகளை அடைக்கவில்லை. கோப்புகளைச் சுருட்டிக் கயிற்றில் கட்டி இறக்க வசதியாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். வண்டு கண்ணாடி அலமாரியின் இரண்டாவது தட்டில், இரண்டு லேபிளோடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை தணிக்கைக்கு வருகிறவர்கள் மற்றப் பூச்சிகளை எண்ணுகிறார்கள். இதை மட்டும் எடுத்துத் தபால் தராசில் வைத்து, ‘இருநூறு கிராம், மாற்றம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்.