அழாமல் நின்ற பிள்ளை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுங்களா. மடியில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்ட. பாஞ்சாலை ஒரே நாளில் மலையிறங்கி மலையேறிய கதையைச் சொல்கிறேன். நடுவில் எழுந்து போகாதீர்கள்.

ஒரு கால் ஜீப்பிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றிருந்தாள் அவள். பின்னால் முழுக்கப் புளி மூட்டை. முன்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம், மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளலாம்.

"யாரத்தாம்மா ஏத்தப் போற? வெயிலு ஏறுது," என்றான் ஜீப் ஓட்டும் வீரன்.

எண்பத்திரண்டாம் வருஷத்து மாசி மாதம் அது. மலைமேல் நெல்லிவாசல் பக்கம் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் எல்லாம் எதிர்ச்சரிவில் இருந்த நேரத்தில், மரத்தில் ஏறிய இரண்டு பிள்ளைகள் கிளை முறிந்து விழுந்தார்கள். பாஞ்சாலையின் மகள் வசந்திக்குக் கை ஒடிந்து வளைந்துவிட்டது. அவள் போட்ட சத்தம் நாலு கொல்லை தாண்டிக் கேட்டது. பாஞ்சாலையின் அண்ணன் மகன் காசிக்கு ஒன்பது வயது. பின்மண்டை பாறையில் பட்டும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு நின்றான்.

"அழுமூஞ்சி! நானுந்தான் வுழுந்தேன், அழுதனா?" என்று அவளைக் கேலி செய்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம் தண்ணீர் கேட்டான். குடித்ததை வாந்தி எடுத்தான். தலை வலிக்குது என்று சொல்லி, நிழலில் சுருண்டு தூங்கிப்போனான்.

"வெயிலுதான், வேற இன்னா?" என்றாள் அவனைப் பெற்ற அம்மாக்கண்ணு. "நீ வசந்திய இட்டுனு கெளம்பு பாஞ்சால. இவன் ஒரு தூக்கம் போட்டா சரியாப்பூடும்."

"தூங்கட்டும் அண்ணி, எழுப்பாத. புள்ளைங்க கிட்ட போயி நோண்டாம பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு ஏறினாள் பாஞ்சாலை.

ஒவ்வொரு வளைவிலும் வசந்தி அலறினாள். "ஏ பாப்பா, நீ இருக்கும்போது எனக்கு ஆரன் எதுக்கு?" என்று வீரன் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் கூட்டம். நர்ஸ் கெங்கம்மாள் வசந்தியிடம் வந்து, "வெரல ஆட்டு கண்ணு," என்றாள். விரல் ஆடியது. அவ்வளவுதான், தாண்டிப் போய்விட்டாள். மூலையில் துண்டில் சுற்றி ஒரு குழந்தை சத்தமில்லாமல் கிடந்தது. அதன் இமையைத் தூக்கிப் பார்த்தவள், அப்படியே வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்ததும் பாஞ்சாலை சண்டைக்குப் போனாள். "எம்பொண்ணு கத்தறது காதுல வுழலியா உனக்கு? மலைக்காரின்னா எளக்காரமா?"

"நல்லாவே வுழுது. கத்தறதுக்குத் தெம்பு இருக்குதில்ல?" என்றாள் கெங்கம்மாள், கை அசையாமல் வைத்துக் கட்டும் மரத்தட்டையை எடுத்தபடி. "கத்தாத புள்ளையத்தாம்மா நான் மொதல்ல பாக்கணும்."

பாஞ்சாலை மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொருத்தன் இருக்கறாங்க. இவளோடதான் வுழுந்தான். அழவே இல்லீங்க."

துணி சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"எங்க அடிபட்டுச்சு?"

"மண்டையில."

"வாந்தி எடுத்தானா?"

"ஒரு தபா."

"இப்ப இன்னா பண்றான்?"

"தூங்கறாங்க."

"எழுப்பிப் பாத்தீங்களா?"

பாஞ்சாலை வாசலுக்கு ஓடப் பார்த்தாள். 

கெங்கம்மாள் வாசலுக்குப் போய் வீரனைக் கூப்பிட்டாள். மீதி மூட்டைகளை அவன் தரையிலேயே தள்ளினான்.

"பொண்ணு எங்கிட்ட இருக்கட்டும். நீ போனதும் அவனத் தட்டி எழுப்பு. கண்ணத் தெறக்காட்டியும் தூக்கினு வா. தலை ஆடாம."

இறங்கும்போது சிரித்துக்கொண்டே ஓட்டிய வீரன் ஏறும்போது சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதி வழியில் ஜீப் புகைந்தது. ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றினான். பாஞ்சாலை சாலையிலேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடு ஏறியதும் கொல்லையில் பெண்கள் புளி பொறுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏதாவது ஆகியிருந்தால் வேலையை விட்டிருப்பார்களே என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு வீடு வரைக்கும்தான் தாங்கியது.

அம்மாக்கண்ணு பிள்ளையை வீட்டுத் திண்ணைக்குத் தூக்கி வந்து, தலையை மடியில் வைத்து, புங்கந்தழையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வா. மத்தியானம் பூரா கொறட்டை வுட்டுனு இருந்தான். இப்பத்தான் அடங்கிச்சு. நீ சொன்னாப்புல ஒருத்தரையும் கிட்ட வுடல."

பாஞ்சாலை குனிந்து அவன் பாதத்தைத் தொட்டாள்; சில்லிட்டிருந்தது. தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. பின்னால் வீரன் வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டான்.

"வசந்தி கை எப்டி இருக்குது?"

"கட்டு போடறாங்க அண்ணி."

"ரொம்ப அழுதாளா?"

"அழுதா."

பாஞ்சாலை அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த தழையை மெல்ல வாங்கி, தானே ஈ ஓட்ட ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா, வீட்டுக்குப் போங்கள். உங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விழுந்தால், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தட்டும்.