சாம்பல் நிறத்திலேயே நிற்கும் படகு

1.

இந்தக் கதை எனக்கு மூக்கு வழியாகக் கிடைத்தது. பக்கத்து வீட்டு முற்றத்திலிருந்து மதில் தாண்டிப் பிரைமர் பெயிண்ட் வாசனை வந்தது. காய்ந்து அடங்கும் முன்னே மறுபடி வந்தது. அதற்கப்புறமும் வந்தபோது எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "கெர்கெனாத் தீவின் நீலக் கடலோரத்தில்..." வேண்டாம். கடல் நீலமாக இருப்பது எங்கள் தீவில் ஒரு செய்தியா?

இரண்டாவது: "மொன்ஜியாவுக்குச் சாம்பல் நிறம் ஆகாது." இது இருக்கட்டும்.

2.

பக்கத்து வீட்டு மொன்ஜியாவின் புருஷன் ஃபெத்ஹி. தீவில் இருந்த ஓட்டலை மூடும்வரை அதில் சமையல்காரன். வேலை போனதும் முற்றத்திலேயே தன் கையால் ஒரு படகு கட்டினான். இடுக்குகளை அடைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல் நிறப் பிரைமர் அடித்தான். அதன்மேல் வெள்ளை வரவேண்டும். வெள்ளை அடித்து முடித்தால் எங்கள் வழக்கப்படி தெருவுக்கே அந்த வீட்டில் விருந்து, ரவையை ஆவியில் வேகவைத்த மீன் கூஸ்கூஸ். ஃபெத்ஹியோ பிரைமர்மேல் பிரைமராக அடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் எத்தன தடவ அடிப்ப?"

"மரம் குடிக்குது, மொன்ஜியா."

"மரம் குடிக்குதா, நீ மழுப்புறியா?"

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: வெள்ளைப் படகு தூரத்திலேயே தெரியும். சாம்பல் படகு இருட்டில் கடலோடு கடலாகிவிடும். எதிர்க்கரை இத்தாலி; பிழைப்புத் தேடிக் களவாகப் போகிறவர்கள் இருட்டில்தான் போவார்கள். மொன்ஜியாவின் தம்பி லஸ்ஹர் ஏறிப்போன படகும் வெறும் பிரைமரோடுதான் கடலில் இறங்கியது. அவனிடமிருந்து இதுவரை ஒரு சொல் வரவில்லை.)

3.

ஃபெத்ஹி எனக்குப் பிடிபடவில்லை. அவன் நிஜமாகவே போகப் போகிறானா, இல்லை வெள்ளை அடித்துவிட்டால் இனி வாழ்நாளெல்லாம் இங்கேயே...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

இப்படி முழித்துக்கொண்டிருந்தபோது மொன்ஜியாவே வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுக் கதைய எழுதுறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"மதில்மேல உங்க தலை எப்பப் பாத்தாலும் தெரியுதே, வேறெதுக்காம்? முடிவு என்ன?"

"தெரியலம்மா."

"நீங்களும் அவன மாதிரியே பேசாதீங்க. வெள்ளை அடிச்சான்னு எழுதுங்க."

"நான் எழுதினா நடந்துருமா?"

"நடக்காட்டிப் போகுது. ஒரு எடத்துலயாவது அவன் கரையில இருக்கட்டும்."



4.

அவள் சொன்னபடியே எழுதினேன். ஃபெத்ஹி சிரித்தபடி வெள்ளை அடித்தான், தெருவே சாப்பிட்டது. படித்துப் பார்த்தேன், எல்லாரும் பொம்மைகளாக இருந்தார்கள். கிழித்தேன். இன்னொரு முடிவு எழுதினேன். அதில் படகு இல்லாத முற்றம் இருந்தது. அதை அவளிடம் எப்படிக் காட்டுவது? அதையும் கிழித்தேன்.

5.

வெள்ளிக்கிழமை ஃபெத்ஹி தொழுகைக்குப் போனதும் மொன்ஜியா வெள்ளை டின்னைத் திறந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படகின் முன்மூக்கிலிருந்து ஆரம்பித்தாள். அவசரத்தில் தூசியைத் துடைக்க மறந்துவிட்டாள். தெற்குக் காற்று வேறு மணலை வாரி ஈரத்தில் அப்பியது. வீட்டைப் பார்த்த பக்கம் முடிந்தபோது ஃபெத்ஹி வந்துவிட்டான்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். விரலால் தடவிப் பார்த்தான்.

"தொடைக்காமலா அடிச்ச? சொரசொரன்னு நிக்குது பாரு."

"அப்ப நீ சரியா அடி." பிரஷை நீட்டினாள். "நாளைக்கு கூஸ்கூஸ். தெரு முழுக்கச் சொல்லிட்டேன்."

அவன் பிரஷை வாங்கவில்லை. "காயட்டும்" என்று மட்டும் சொன்னான்.

6.

இன்று காலை ஃபெத்ஹி உப்புத்தாளோடு வெள்ளைப் பக்கம் போய் உட்கார்ந்தான். மொன்ஜியா சமையலறையில் ரவையைப் பிசிறிக்கொண்டே அந்தத் தேய்க்கும் சத்தத்தைக் கேட்கிறாள். மறு பூச்சுக்காக மணலை மட்டும் எடுக்கிறானா, சாம்பல் தெரியும்வரை வெள்ளையையும் எடுக்கிறானா? வெளியே வந்து பார்க்க அவளுக்குப் பயம்.

எனக்கும்தான். மதிலைவிட்டு இறங்கிவிட்டேன். வேண்டுமானால் நீங்கள் ஏறிப் பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டாம். மொன்ஜியா ஜன்னல் வழியாகக் கேட்டால் மட்டும், என்ன பார்த்திருந்தாலும், வெள்ளை என்று சொல்லுங்கள்.