கத்தரிக்காவின் அணியில் எனக்கு இடமில்லை

1

இது கதையாக வேண்டியதே இல்லை. ஒரு வார இதழின் கடைசிப் பக்கத்துக்கு, கைபேசியில் புதிர் விளையாட்டு ஆடத் தொடங்குபவர்களுக்குச் சில யோசனைகள் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். 'கல்லும் கோட்டையும்' என்று ஒரு விளையாட்டு. பலகை நிறைய வண்ணக் கற்கள். ஒரு கல்லை விரலால் அழுத்திப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் வழியிலுள்ள கற்கள் இடம் மாறும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் உடையும், அந்த நிறத்துக்குரிய வீரர் எதிரியை அடிப்பார். ஐந்து வீரர்கள் சேர்ந்தால் ஓர் அணி. விளையாட்டே ஆடாதவர்களுக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.

முதல் யோசனையை மளமளவென்று எழுதிவிட்டேன். "தலைவரை முதலில் தேர்ந்தெடுங்கள். மற்ற நால்வரும் அவருக்குப் பொருந்துகிறவர்களாக இருக்கட்டும்." இரண்டாவதில் பேனா நின்றது. "பலவீனமான வீரர்களை வைத்துக்கொண்டு மாரடிக்காதீர்கள். அவர்களைப் பலசாலிகளுக்குத் தீனியாகப் போட்டுவிடுங்கள்."

தீனி என்பது ஆடுபவர்களின் பேச்சு. ஒரு வீரரை இன்னொருவருக்குள் கரைத்துவிட்டால் இவர் காணாமல் போவார், அவருக்குப் பலம் கூடும். அந்தச் சொல்லை எழுதியதும் எனக்கு ஒரு பெண்ணின் நினைவு வந்தது. மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் பார்த்தவள். வலது கட்டைவிரலில் கட்டு, மடியில் கைபேசி. பக்கத்திலிருந்த கணவர் எட்டித் திரையைத் தொடப்போனார். அந்தக் கையைத் தட்டிவிட்டு, "நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு உண்மையில் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்களை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

[குவளை உடைந்த அந்த நொடியில் அவள் வாழ்க்கையும் சுக்குநூறாக—] இல்லை. கழுவும்போது குவளை உடைந்தது, கட்டைவிரலுக்குள் ஓடும் தசைநாண் அறுந்தது. வாழ்க்கை அப்படியேதான் இருந்தது, அதுதான் தொல்லை.

[அவள் விரல்கள் ஒரு காலத்தில் பறவைகளாக—] இதை எழுதியதற்காக என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

[கத்தரிக்கா தோற்றுக்கொண்டே இருந்தாள்.] இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

அவள் முடி வெட்டுகிறவள். கடையில் எல்லோரும் 'கத்தரி அக்கா' என்று கூப்பிடப்போய், வாய்ச் சோம்பலில் அது கத்தரிக்கா ஆகிவிட்டது. காயை நினைத்துச் சிரிக்கிறவர்களுக்கு அவள் கொஞ்சம் தாராளமாகவே முடியைக் குறைத்துவிடுவாள். அறுவைச் சிகிச்சை முடிந்து, கட்டும் பிரித்தாயிற்று. விரல் மடங்கும், நீளும். ஆனால் அழுத்திப் பிடித்தால் பாதியில் விட்டுவிடும். "பந்தைப் பிசையுங்க. அது சலிச்சுப்போச்சுன்னா போன்ல எதையாவது இழுத்து விளையாடுங்க. அழுத்தம் விடாம இழுக்கணும், அதான் முக்கியம்" என்று இயன்முறை மருத்துவர் சொல்லியிருந்தார்.

* அடியில் போட வேண்டிய குறிப்பு, விட்டால் மறந்துவிடுவேன். முடி வெட்டும் கத்தரியில் ஒரு அலகு அசையவே கூடாது. மோதிரவிரல் அதை அப்படியே நிறுத்தி வைத்திருக்கும். திறப்பதும் மூடுவதும் கட்டைவிரல் மட்டும்தான். ஆகவே அந்த ஒரு விரல் போனால் கத்தரிக்கா வெறும் கா.

கடை முதலாளியம்மா நல்லவர். "உன் நாற்காலிக்கு வேற ஆளைப் போட மாட்டேன், குணமாகி வா" என்று சொல்லியிருந்தார். ஜன்னலோர நாற்காலி அது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பதுதான்.

3

விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தது நாத்தனார். கணவரின் தங்கை, மருந்துக்கடையில் வேலை, இவளைவிட ஓரிரு வயதுதான் சின்னவள். வாய் மட்டும் பெரிசு. வேலை முடிந்து வந்தவள் சாப்பாட்டு மேசையில் பையைப் போட்டுவிட்டு அண்ணியின் கைபேசியைப் பார்த்தாள். தங்கச் சட்டம் போட்ட வீரர்கள் ஐந்து பேர், ஐந்து நிறத்தில்.

"என்ன அண்ணி இது? அணின்னா நகைன்னு நெனச்சுட்டீங்களா? இந்த மினுமினுப்பு மினுக்குது!"

"எல்லாரும் பெரிய ஆளுங்கடீ. இருக்கறதுலயே பலசாலிங்களா பாத்து எடுத்தேன்."

"எடுத்து? உங்க தலைவர் பச்சை வீரருக்கு மட்டும்தான் அடியை ரெட்டிப்பாக்குவாரு. நீங்க செவப்பு, நீலம், மஞ்சள்னு கூட்டிட்டு வந்திருக்கீங்க. அவரு யாருக்குக் குடுப்பாரு? பேசாம வேடிக்கை பாத்துட்டு நிக்கறாரு பாவம்."

அதோடு ஆற்றுவதற்கு ஆளே இல்லை. அடிபட்டால் அடிபட்டதுதான். நாத்தனார் பட்டியலின் அடிவரைக்கும் தள்ளிக்கொண்டு போய், மரச்சட்டம் போட்ட ஒரு மூலிகைக்காரியைப் பிடித்தாள். பச்சை நிறம், தம்மாத்துண்டு உருவம், அடித்தால் எதிரிக்கு வலிக்கவே வலிக்காது. "இந்தப் பொடிசு இருக்கட்டும். பச்சைக்கல் உடையறப்பல்லாம் எல்லாருக்கும் கொஞ்சம் உசுரு ஏறும். அப்புறம், முதல்ல வர்ற சில்லறைப் பசங்ககிட்டயே விசேஷ சக்தியைக் கொட்டாதீங்க. கடைசி ஆளுக்கு வைங்க. மேல்வரிசைக் கல்லை நோண்டாதீங்க, கீழ கலைச்சா மேல இருக்கறது தானா விழுந்து உடையும்."

(அணி என்றால் நகை, படை என்பதோடு, எங்கள் தொழிலில் உவமை மாதிரியான அலங்காரங்களுக்கும் அதுதான் பெயர். அந்த அணியை இந்தக் கதையில் குறைத்துக்கொள்வதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.)

புது அணியோடு கத்தரிக்கா பனிக்கோட்டை வாசலில் போய் நின்றாள். வாசல் காவலாளி ஒரு கரடி. தோற்றாள். அணியின் குறையல்ல, விரலின் குறை. கல்லைப் பாதி வழி இழுக்கும்போதே பிடி நழுவி, வேண்டாத இடத்தில் விழுந்தது. மறுபடி ஆடினாள், மறுபடி தோற்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். பந்தைப் பிசையச் சொன்னபோது சாக்குப்போக்குச் சொன்னவள், கரடி மேலிருந்த ஆத்திரத்தில் விரலை அழுத்தக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் காவலாளியின் உயிர்க்கோடு நூலளவுக்குக் குறைந்தது. அன்றும் தோற்றாள், ஆனால் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு பாட்டு முனகினாள்.

4

கணவர்தான் எனக்கு அடங்க மாட்டேனென்கிறார்.

முதலில் அவரை முசுடாக எழுதினேன். [“விளையாட்டா ஆடறே?” என்று அவர் கைபேசியைப் பிடுங்கி—] படித்துப் பார்த்தால் அட்டைப் பொம்மை. அடுத்து, மனைவியைத் தாங்குகிற தங்கமாக எழுதினேன். அது இன்னும் மோசம், எனக்கே திகட்டியது. கடைசியில் அவரை லிப்ட் பழுதுபார்ப்பவர் ஆக்கியதும் ஆள் உயிரோடு வந்து உட்கார்ந்தார். நடுவழியில் நின்ற லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, எதையும் அமுக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று வெளியிலிருந்து குரல் கொடுப்பவர். பிழைப்பே அது. வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். மூடி திறக்கவில்லையா, விடு, நான் பாத்துக்கறேன். பொத்தான் போட வரவில்லையா, விடு, நான் பாத்துக்கறேன்.

நம் மொழியில் இதைவிட அன்பான வார்த்தை அதிகமில்லை. சண்டை போட்டுப் பிரிகிறவனும் "உன்னைப் பாத்துக்கறேன்டா" என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான். கணவர் சொன்னபோது எது எந்த அர்த்தமென்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு மத்தியானம், பயிற்சி முடித்த அசதியில் கத்தரிக்கா தூங்கிப்போனாள். விழித்தபோது கணவர் முகமெல்லாம் பல்லாக எதிரில் உட்கார்ந்திருந்தார். கைபேசியை நீட்டினார். பனிக்கோட்டை திறந்து கிடந்தது.

"யார் ஜெயிச்சது?"

"நீதான். உன் பேர்தானே போட்டிருக்கு?"

அவள் அணியைத் திறந்து பார்த்தாள். "பொடிசு எங்க?"

"யாரு, அந்த மரச்சட்டமா? அதோட இன்னும் நாலஞ்சு சப்பை ஆளுங்க இருந்தாங்க. எல்லாரையும் இந்தத் தங்க வீரனுக்குத் தீனியா போட்டேன். ஒரே அடி! கரடி காலி. எத்தனை நாளா கஷ்டப்பட்டுட்டு இருந்தே?"

"நான் கஷ்டப்பட்டா உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"பாக்க முடியலம்மா" என்றார். பொய்யில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய வேகத்தில் மீதியும் வெளியே வந்துவிட்டது. "அதான் உங்க முதலாளியம்மாகிட்டயும் பேசிட்டேன். பாவம், அவங்களும் எவ்வளவு நாள்தான் காத்திருப்பாங்க? வேற ஆளைப் போட்டுக்குங்க, இவளை வீட்ல நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். நீ நிம்மதியா இரு."

கத்தரிக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப என்னையும் தீனியா போட்டுட்டீங்க" என்றாள்.

இந்த இடத்தில் அவரைக் காப்பாற்ற ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அவருடைய அம்மா, அவர் சின்ன வயதில் பட்ட பாடு என்று— எடுத்துவிட்டேன். அவர் செய்தது தப்பு. அன்பினால் செய்ததால் அது பாதித் தப்பாக ஆகிவிடாது.

5

அவள் முதலில் செய்த காரியம், முதலாளியம்மாவைக் கூப்பிட்டது.

"நான் வர மாட்டேன்னு நான் சொல்லல மேடம்."

"உன் வீட்டுக்காரர்தானேம்மா சொன்னாரு? நான் நம்பி ஒரு பொண்ணை வரச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை சேருது." மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி, ஒண்ணு செய். ஞாயித்துக்கிழமை கடை மூடியிருக்கும், நீ வா. என் கண் முன்னாடி ஒரு தலை வெட்டிக் காட்டு. கை ஆடாம நின்னா நாற்காலி உன்னோடது, அந்தப் பொண்ணை வேற பக்கம் போட்டுக்கறேன். நிக்கலைன்னா என்னைக் கோவிச்சுக்காதே."

இரண்டாவது காரியம், விளையாட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியது. தங்கச் சட்டம் ஒன்றுகூட இல்லை. பச்சைத் தலைவர் ஒருவர் கிடைத்ததும் அவருக்குப் பொருந்துகிறவர்களாகவே பொறுக்கினாள், மரச்சட்டமானாலும் சரி என்று. எந்தச் சப்பை ஆளையும் தீனியாகப் போடவில்லை. "அப்படியெல்லாம் ஆடினா ரொம்ப நாளாகும் அண்ணி" என்றாள் நாத்தனார். "ஆகட்டும்டீ, எனக்கென்ன ரயிலா பிடிக்கணும்?" என்றாள் இவள். ரயில்தான் பிடிக்க வேண்டியிருந்தது, ஞாயிறு வந்துகொண்டிருந்தது. பந்து, கல், பந்து, கல் என்று விரலுக்கு ஓய்வே இல்லை. கணவர் எதிரில் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது சொல்லியா அப்படி வைத்தார் என்றால், ஆமாம், அவள்தான் சொல்லியிருந்தாள்.

இப்போது என் பங்கு. பனிக்கோட்டைக் காட்சியில், கடைசி ஆட்டத்தில், பச்சைக் கற்களை நானே வரிசையாக அடுக்கிக் கொடுத்து எழுதினேன். சும்மா தொட்டாலே உடைகிற மாதிரி. எழுதி முடித்துப் படித்தபோது என் குரல் லிப்டுக்கு வெளியிலிருந்து கேட்கும் குரலாகவே இருந்தது. அடித்துவிட்டேன். கற்களைக் கன்னாபின்னாவென்று கலைத்துப் போட்டேன். அவள் கீழ்வரிசையிலிருந்து ஒரு கல்லைப் பிடித்து, விரல் நடுங்க நடுங்க, விடாமல் கடைசி வரை இழுத்தாள். கரடி விழுந்தது. இதில் நான் கை வைக்கவில்லை, சத்தியமாக.

ஆனால் விளையாட்டில் ஜெயித்தவளுக்குக் கத்தரி பிடிக்க வந்துவிடும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. திரையில் அழுத்துவது வேறு, ஒரு அலகை நிறுத்தி மற்றதை ஆட்டுவது வேறு.

6

யார் தலையை வெட்டுவது? நாத்தனார் இரண்டடி பின்னால் போனாள். "அண்ணி, பாசம் வேற, முடி வேற." கணவர்தான், "என் தலை சும்மாதானே இருக்கு" என்றார். சமாதானக் கொடியா, தண்டனையை ஏற்றுக்கொண்டதா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பாதி இறக்கிய கதவு. ஜன்னலோர நாற்காலியில் கணவர், கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்த்திய துணி. முதலாளியம்மா கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். கத்தரிக்கா முடியை நனைத்தாள், சீவினாள், பின்கழுத்தில் தொடங்கினாள். நன்றாகவே போயிற்று. காதோரம் வந்தாள். அங்கேதான் சீப்பு மேலே ஏற ஏறக் கத்தரி நிற்காமல் திறந்து மூடிக்கொண்டே போக வேண்டும். போயிற்று, போயிற்று, கட்டைவிரல் நின்றது. கத்தரி காதுக்குப் பக்கத்தில் பாதி திறந்தபடி நிற்கிறது.

முடிவு ஒன்று: [விரல் மெல்ல மடங்கியது. முடி உதிர்ந்தது. முதலாளியம்மா கட்டியிருந்த கைகளைப் பிரித்து—]

முடிவு இரண்டு: [கத்தரி தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, இடது கையில் மாற்றிக்கொண்டு—]

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. முதலாவதை நீங்கள் விரும்புவீர்கள். இரண்டாவதை விமரிசகர்கள் விரும்புவார்கள். எதை எழுதினாலும் அந்த விரலை மடக்கியது நானாகத்தான் இருக்கும். கோட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு, "உன் பேர்தானே போட்டிருக்கு?" என்று நானும் பல்லைக் காட்ட வேண்டியதுதான். மருத்துவமனையில் 'நான் பாத்துக்கறேன்' என்று அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம், அதையாவது நான் தர வேண்டாமா?

போர்த்திய துணிக்கடியில் ஏதோ அசைகிறது. கணவரின் கை. தானாக எழும்பி, அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்க வருகிறது. என் பேனாவும் வருகிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள், உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் கட்டைவிரலும் இப்போது கொஞ்சம் மடங்கியதா இல்லையா?

அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"யாரும் அசையாதீங்க" என்றாள்.