சிவப்புப் பக்கம்

"மூடியில எழுதாதீங்க, கிண்ணத்துல எழுதுங்க. மூடி மாறிச்சுன்னா எல்லாம் போச்சு. அதோட, உங்க மூணு எட்டு மாதிரி இருக்கு."

ஆராய்ச்சிக்கூடத்தில் ஒன்றாக வேலை செய்த கணவரிடம் ஏழு வருடமாக அவள் சொல்லி வந்தது இது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவரும் ஏழு வருடமாகச் சிரித்துக்கொண்டே மார்க்கரைத் திறப்பார். அன்று காலையும் அப்படித்தான். மதியம் ஆராய்ச்சிக்கூடத்து மாடிப்படியில் இறங்கும்போது அவருடைய இதயம் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலை, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே அவள் செருப்பை மாட்டினாள். என்ன அவசரம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். நாத்தனார்தான் வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்க அண்ணி. அண்ணன் இருந்தா உங்களுக்கு முன்னாடி ஓடியிருப்பான்" என்றாள்.

அவர் கடைசியாக ஊசி போட்ட கருக்களை அன்றே பார்க்காவிட்டால் சாயம் மங்கிவிடும். கடல் முள்ளெலியின் கரு முதலில் வெறும் பந்து. பந்துக்கு முன் ஏது, பின் ஏது? ஒரு பக்கத்துச் செல்கள் நோடல் என்ற மூலக்கூறைச் சுரக்கும். அங்கேதான் வாய் வரும். அங்கிருந்தே இன்னொரு மூலக்கூறு கிளம்பி எதிர்ப்பக்கம் போய் அதை முதுகாக்கும். நோடலை அடக்கினால் கரு உருண்டையாகவே நின்றுவிடும், நிஜமான வாயில்லாப் பூச்சியாக. இறந்த அன்று காலை அவர் முட்டையிலேயே நோடலை அடக்கிவிட்டு, அது நான்கு செல்லானதும் ஒரே ஒரு செல்லுக்குள் மட்டும் நோடலைச் சுரக்கச் சொல்லும் மரபுச் செய்தியையும் சிவப்புச் சாயத்தையும் ஊசியால் செலுத்தியிருந்தார். அந்த ஒரு செல்லின் பேச்சைக் கேட்டு உடல் முழுதும் திசை அறியுமா? இவர்கள் வளர்த்த இனத்தில் அது ஒருமுறைகூடப் பலித்ததில்லை.

கிண்ணங்கள் மூன்று. முதலாவதில் அடக்காத கருவும் சாயமும் மட்டும். இரண்டாவதில் அடக்கிய கருவும் சாயமும். மூன்றாவதில் அதோடு செய்தியும்.

பக்கவாட்டிலேயே நடப்பதால் நண்டு என்று பெயர் வாங்கிய உதவியாளப் பெண் கூடத்துக் கதவருகிலேயே அழ ஆரம்பித்தாள். தண்ணீர் மாற்றும்போது மூன்று மூடிகளையும் ஒன்றாக அடுக்கிவிட்டாளாம். எது எதனுடையது என்று தெரியவில்லையாம்.

நண்டை உட்காரவைத்துவிட்டு, அவள் நுண்ணோக்கியில் சிவப்புச் சாயத்தை ஒளிரவைக்கும் பச்சை வெளிச்சத்தைப் போட்டாள். முதலில் எடுத்த கிண்ணத்தில் எல்லாம் உருண்டை. அடுத்ததில் எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது, சிவப்பு மட்டும் மனம்போன இடத்தில் இருந்தது. கடைசிக் கிண்ணம். முதல் கருவுக்கு வாய் சிவப்பில். அடுத்ததும் சிவப்பில். அதற்கடுத்ததும். எண்ணி முடித்தாள். நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டுக்குச் சிவப்புப் பக்கத்திலேயே வாய், எதிரே ஒழுங்கான முதுகு!

நண்டு துள்ளினாள். "இதுதான்க்கா மூணாவது!"

"முடிவைப் பார்த்துட்டுப் பேர் வைக்கிறதா? பிள்ளை பிறந்தப்புறம் குறி சொல்ற மாதிரி. யாரு நம்புவா?"

சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தண்ணீர் சிந்தாமல் இரண்டு கையாலும் தூக்கினாள். வைக்கப் போனவள் நின்றாள். அடியில், விளிம்போரமாகக் கறுப்பு மையில் அவர் எழுதிய எண். மற்ற இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். அவற்றிலும் இருந்தது. உருண்டைகளின் அடியில் இரண்டு, மற்றதில் ஒன்று.

நண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "தெரியாமலே எண்ணிட்டீங்கக்கா. இதைவிடச் சுத்தமான கணக்கு ஏது?"

அவள் கடைசிக் கிண்ணத்தை மறுபடி ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். மேலே முப்பத்தெட்டும் கண்ணுக்கெட்டாத வாயைத் திறந்து நீந்திக்கொண்டிருந்தன. கீழே அவருடைய மூன்று, எப்போதும்போல எட்டு மாதிரிதான் இருந்தது.