ஐம்பத்தைந்து கிலோ குழந்தை

அலுவலகத்தில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். வைத்தவர்கள் மேல் தப்பில்லை. பச்சிளம் குழந்தைகளை நிறுக்கும் மெஷினுக்குப் புரோகிராம் எழுதியவள் அவள்தான். அதை ஆஸ்பத்திரியில் வெள்ளோட்டத்துக்கு வைத்த அன்றே, குறைமாதத்தில் பிறந்த தங்கை மகளை அதில் போடச் சொல்லி நர்ஸை நச்சரித்தவளும் அவள்தான். இரண்டு கிலோவைத் தொட்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். தங்கை அந்த ஒரு வார்த்தையில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போன் வந்தது.

"அக்கா, உன் மெஷினைத் தூக்கிக் குப்பையில போடு. என் பொண்ணு அம்பத்தஞ்சு கிலோவாம்!" தங்கை சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். "இன்னிக்கும் வீட்டுக்கு இல்லையா?"

அவள் பேனாவை எடுத்தாள். "கிராம் வரைக்கும் படி."

"அம்பத்தஞ்சாயிரத்து எண்ணூத்திப் பதினஞ்சு."

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு பெரிய எண்ணைக் கம்ப்யூட்டர் இரண்டு துண்டாக்கித்தான் வைக்கும். சில ரகம் பெரிய இடமதிப்புள்ள துண்டை முன்னால் வைக்கும், சில ரகம் பின்னால். எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க அவள் ஒரு சோதனை எழுதியிருந்தாள். ஆனால் அதைத் தன் மேசைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, வந்த பதிலை எடை மெஷினின் தலையில் கட்டிவிட்டாள். தம்பிக்குச் சட்டை தைக்க அண்ணனுக்கு அளவெடுத்த கதைதான்.

கம்ப்யூட்டர் செய்வதுபோலவே காகிதத்தில் எண்ணை இருநூற்று ஐம்பத்தாறால் வகுத்துப் பிரித்தாள். முன்னால் 218, பின்னால் 7. இரண்டையும் இடம் மாற்றினாள். ஏழை இருநூற்று ஐம்பத்தாறால் பெருக்கி, 218ஐக் கூட்டினாள். விடையை நம்பாமல் மறுபடி போட்டாள். அதே விடை.

"அடியே, அழாதே. பழைய தராசுல போடச் சொல்லு. ரெண்டாயிரத்துப் பத்து காட்டும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போடச் சொல்லுடி!"

போனில் எதையோ தள்ளும் சத்தம், பிள்ளையின் சிணுங்கல். பிறகு நர்ஸின் குரல்: "ரெண்டு கிலோ பத்து கிராம். டாக்டரைக் கூப்பிடறேன், நீங்க துணிமணி எல்லாம் எடுத்து வைங்கம்மா."

அவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். அப்பாடா! சோதனையை இனி எடை மெஷினே தனக்குத்தானே செய்துகொள்ளும்படி மாற்ற வேண்டும். அது அரைமணி நேர வேலை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

"அந்த மெஷினை யாரும் தொட வேணாம். இதோ கிளம்பிட்டேன்."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "வரும்போது கார் கொண்டு வாக்கா. அம்பத்தஞ்சு கிலோவை நான் எப்படித் தூக்கிட்டு வர்றது?"